பூசைக்கு வைத்த வாள்

ஆயுத பூசைக்கு அருவாளைத் துடைத்துப் பலகையில் வைக்கும்போது, பக்கத்தில் கை தானாகக் கொஞ்சம் இடம் விட்டுவிடுகிறது. அங்கே இருந்த வாள் அறுபதுகளின் நடுவில் கடலூர் கோர்ட்டுக்குப் போனது, திரும்பி வரவில்லை. வராததே நல்லது.

பரங்கிப்பேட்டைக்கு மேற்கே எங்கள் நிலத்தில் முப்பாட்டனார் ஏர் ஓட்டும்போது கிடைத்ததாம் அது. வெள்ளைக்காரன் படையும் மைசூர்க் குதிரைப்படையும் அந்தப் பக்கம் மோதிய காலத்தில் யார் கையிலிருந்து விழுந்ததோ. வீட்டில் அது சாமி பொருள். சாணை பிடிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. வாழைக்காயைக்கூட நறுக்காது. ஆனால் வளைந்த அந்த வாளைத் தூக்கினால் முனைப் பக்கம் கனம் இழுக்கும், மணிக்கட்டு முன்னால் சாயும். எதற்காக அப்படி அடித்தார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

சித்தப்பா முன்கோபி. ஆனால் கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்க மாட்டார். மடைத் தண்ணீருக்காக அவரும் அத்தையின் வீட்டுக்காரரும் வாய்ச்சண்டை போட்ட அன்று, மாமா ஏதோ சொல்லிவிட, சித்தப்பா வீட்டுக்குள் ஓடினார். கதவோரம் செருகியிருந்த அருவாளைத் தாண்டிப் போய்ப் பூசை மாடத்து வாளை எடுத்து வந்தார். மிரட்டத்தான் ஓங்கினார். மாமா பின்வாங்காமல் முன்னே வந்தார். வாள் இறங்கிவிட்டது. வாய்க்கால் மேட்டிலேயே மாமாவின் உயிர் போய்விட்டது.

சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த நான் விசாரணைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். "அருவா கண்ணெதிரத்தான் இருந்துச்சுங்க ஐயா. அது வெட்டும்னு தெரியும், அதான் தொடல. இது மொன்னை. மச்சான் பயந்து போவாருன்னு நெனச்சேன்" என்று சித்தப்பா கைகூப்பினார். பிணப் பரிசோதனை செய்த டாக்டர் பட்டாளத்தில் இருந்தவர். வாளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இதுக்குக் கூர் வேணாம். குதிரை மேல வர்றவன் ஓங்கினா போதும், மீதிய இந்தக் கனமே பார்த்துக்கும். சண்டைக்குன்னே செஞ்சது." அருவாளை விட்டு வாளைத் தேடி எடுத்ததையே கொலை எண்ணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது தீர்ப்பு. தூக்கு இல்லை, ஆயுள். சித்தப்பா ஜெயிலிலேயே செத்தார். அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அத்தை தன் அண்ணனை ஜெயிலில் போய்ப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டுப்படி ஏறவே பல வருஷம் ஆனது. அப்படி வந்தது ஓர் ஆயுத பூசை அன்று. பலகையில் தனியாகக் கிடந்த அருவாளுக்கு நான் பொட்டு வைக்கப் போனேன். குங்குமத்தை என் கையிலிருந்து வாங்கி அத்தையே வைத்தாள்.

"அன்னிக்கு எங்கண்ணன் இத எடுத்திருக்கலாம்டா" என்றாள். "அருவான்னா கை கூசியிருக்கும். ஓங்கவே மனசு வந்திருக்காது."

அவளும் போய்ச் சேர்ந்தாள். இந்த அருவாளைச் சாணை பிடிக்க நான் ஒரு வருஷமும் தவறியதில்லை. எடுக்கிறவனுக்கு அதன் கூர் தெரிய வேண்டும்.