அண்ணன் உழுத பாதைக்கு ஒரு கார்

எங்கள் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையை என் பெரியப்பா மகன் ஒரு நாள் உழுதுவிட்டார். முந்தின வாரம் வரை மாட்டுவண்டி போன இடம், அடுத்த முறை நான் போனபோது அவருடைய வயலாக இருந்தது. ஊர்க் கோயில் மண்டபத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பாதையை ஏண்ணே உழுதீங்க?"

"எந்தப் பாதை தம்பி? இனிமே என் நெலத்துல காலை வெச்சுப் பாரு."

குரலை உயர்த்தவே இல்லை. பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். கத்துகிற ஆளிடம் எனக்குப் பயம் கிடையாது. பல் குத்துகிற ஆளிடம் உண்டு. நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். நான் குளியலறை டைல்ஸ் விற்கிறவன். கத்தி, கம்பு பழக்கம் இல்லை. காலை வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார், சக்கரத்தை வைத்தால்? பயந்தவனுக்கு இந்த மாதிரி அறிவெல்லாம் தானாக வரும்.

திருச்சியில் ஒரு நகைக்கடைக்காரர் தன்னுடைய பெரிய வெளிநாட்டுக் காரை விற்றுக்கொண்டிருந்தார். தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வாங்கினேன். வாங்கிய கையோடு கோயம்புத்தூரில் காருக்கு மலையேற்ற வேஷம் கட்டுகிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

"எந்தப் பக்கம் போவீங்க சார்? வால்பாறையா, லடாக்கா?"

"வயலுக்கு."

கடைக்காரர் என்னை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு வியாபாரி ஆகிவிட்டார். பல் பல்லாகச் சேற்று டயர் போட்டார். முன்னால் இரும்பு பம்பர். கூரையில் கம்பித் தட்டு, அதில் நாலு விளக்கு. எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காற்று இழுக்க, யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஏறிப்போகும் ஒரு குழாய்.

"எவ்ளோ ஆழத்துல இறக்குவீங்க சார்?"

"கணுக்கால் ஆழம்."

"பரவால்ல சார், போட்டுக்கலாம். பாக்க கெத்தா இருக்கும்."

கடைசியாக பம்பரில் ஒரு வின்ச் மாட்டினார். கார் சிக்கிக்கொண்டால், இரும்புக் கயிற்றின் கொக்கியை ஒரு மரத்தில் மாட்டிவிட்டு ரிமோட்டில் பட்டனை அமுக்கினால், கார் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். வீடியோவில் காட்டினார். அதில் ஒரே காடு. எத்தனை மரம்! எங்கள் வயல்காட்டில் மரம் எங்கே இருக்கிறது என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். குழாயை ரசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் என் மனைவி சுற்றி வந்து பார்த்தாள்.

"இது காரா, உங்க பயத்துக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டையாங்க?"

"இடம் போதுமா பாரு, உனக்கும் சேத்துதான்."

"எனக்கு அவ்ளோ பயம் இல்லங்க."

சண்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில், உபரி நிலம் கையைவிட்டுப் போகாமலிருக்க, பெரியப்பாவும் என் அப்பாவும் சொத்தைத் தாளில் மட்டும் பிரித்துக்கொண்டார்கள். பாகம் இரண்டு, அடுப்பு ஒன்று. கொஞ்ச காலத்தில் அடுப்பும் இரண்டாயிற்று. அரசாங்கத்தை ஏமாற்றப் போட்ட கோடு நிஜக் கோடாகிவிட்டது. அதன் மேலேயே நாங்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தோம். அதற்குள் ஆட்சி எத்தனையோ முறை மாறியது. அண்ணனின் வேட்டிக் கரையும் கூடவே மாறியது. எந்தக் கரை கட்டினாலும் தாலுகா ஆபீஸில் அவருக்கு நாற்காலி உண்டு. எனக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் உண்டு.

என் பக்கம் நின்றது ஒரே ஒரு சர்வே கல். வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறங்குகிற மடைக்குப் பக்கத்தில், எல்லை மூலையில், முழங்கால் உயரத்துக்கு நின்றது. அது நிற்கும்வரை மடை என் பக்கம். மடை போனால் வயல் இருந்தும் இல்லாத கணக்கு. அண்ணன் எப்போது மனம் வைக்கிறாரோ அப்போதுதான் தண்ணீர். மற்ற மூலைக் கற்கள் எப்போதோ காணாமல் போய்விட்டன. ஒன்றின் மேல் அண்ணன் வீட்டில் துணி துவைக்கிறார்கள். இந்தக் கல்லை வைத்து அளந்து எல்லையைக் காட்ட சர்வேயர் வருவதாக இருந்தது. அண்ணனுக்கு முன்னால் நான் அங்கே நிற்க வேண்டும், கால் படாமல்.

புரட்டாசிக் காலை. பாதை இருந்த இடத்தில் அண்ணன் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறடித்து வைத்திருந்தார். நான் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டு இறக்கினேன். டயர் பற்களுக்குள் எங்கள் ஊர்க் களிமண் புகுந்து நிரம்பியது. கொஞ்ச நேரத்தில் அது டயர் இல்லை, நாலு கொழுக்கட்டை. கார் பாதி வழியில் வயிற்றை மண்ணில் வைத்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்த திரை மட்டும் வழி தெளிவாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

தூரத்தில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. அண்ணன்தான். அவருடைய நிலத்தில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்து குதித்தேன். இவ்வளவு செலவழித்துத் தவிர்த்த காலைத் தொடைவரை வைத்தேன். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. கொக்கியை இழுத்துக்கொண்டு மரம் தேடினேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்கால் உயரத்துக்காவது நின்றது ஒன்றே ஒன்று.

மாட்டினேன். ஓடிவந்து பட்டனை அமுக்கினேன்.

வின்ச் உறுமியது. கயிறு விறைத்தது. கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கல் லேசாகத் தலையாட்டியது. சம்மதம் என்பதுபோல இன்னொரு தடவை ஆட்டியது. பிறகு வேரோடு கிளம்பி, கூப்பிட்ட நாய் மாதிரி, சேற்றில் வழுக்கிக்கொண்டே என்னிடம் வந்தது.

கையை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கல் பம்பரில் வந்து முட்டிய பிறகுதான் விட்டேன். இருந்த இடத்திலேயே நட்டுவிடலாம் என்று கட்டிப்பிடித்துத் தூக்கினேன். எங்கே நடுவது? சேறு குழியை மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு கிடந்தது.

நிமிர்ந்தபோது வரப்பில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் பைக்கிலிருந்து இறங்கிய சர்வேயர். பின்னால் கீழத்தெரு ஆட்கள். உபரியாகப் போயிருந்தால் அவர்களுக்குத்தான் இந்த நிலம் வந்திருக்கும். அன்று அவர்கள் சிரித்த சிரிப்பில் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

"கல்லு எங்க சார்?" என்றார் சர்வேயர்.

கட்டிப்பிடித்திருந்ததைக் காட்டினேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சர்வே கல்லப் புடுங்கறது கேஸ் சார். மனு போடுங்க, ஆத்தோரத்து சர்க்கார் கல்லுலேர்ந்து அளந்துட்டு வந்து நட்டுத் தரேன். ஆனா யாரு புடுங்கினதுன்னு எழுதியாகணும்."

அண்ணன் சேற்றில் இறங்கி வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, இந்தக் கல்லப் புடுங்கணும்னு எனக்கு எவ்ளோ நாளு ஆசை தெரியுமா? பயமா இருந்துச்சுடா. ஒனக்குத்தான் எம்மாம் தைரியம்!"

வரப்பு மொத்தமும் சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கேஸு கீஸுன்னு ஏன் அலையணும்? நான் காட்ற எடத்துல நட்டுக்குவோம். நீ சரின்னு தலையாட்டு, போதும்."

அவர் காட்டிய இடம் மடைக்கு என் வயல் பக்கம். அங்கே நட்டால் மடை அவருடையது. மனு போட்டிருக்கலாம். கேஸ் வந்தால் ஒரு அபராதத்தோடு போயிருக்கும் என்று பிற்பாடு ஒரு வக்கீல் சொன்னார். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சும், அதில் ஒற்றைச் செருப்போடு நானும். தலையாட்டினேன். அந்தக் கல் ஆட்டியதைப் போலவே.

அண்ணனின் டிராக்டரே காரை இழுத்துக் கரையேற்றியது. டிராக்டர் முகப்பில் அந்த வருடத்துக் கொடி பறந்தது. உள்ளே நான் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சம்பாவுக்கு எனக்குத் தண்ணீர் வந்தது, எல்லோருக்கும் வந்து முடிந்த பிறகு. அடுத்த சம்பாவுக்கு அதுவும் இல்லை. மடை இல்லாத வயலை வாங்க ஒரே ஒருவர்தான் முன்வந்தார்.

பத்திரம் பதிய மன்னார்குடிக்குப் போக வேண்டியிருந்தது. "ஒன் கார்லயே போவோம் தம்பி" என்றார் அண்ணன். வயலிலிருந்து நேராக வந்து, சேற்றுக் காலோடு முன் சீட்டில் ஏறினார்.

"மேடு பள்ளமே தெரியலடா!"

தார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். அவர் கியர் பக்கத்தில் கிடந்த வின்ச் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானா அது?"

"ஆமாண்ணே."

"ஒரு தரம் அமுக்கிப் பாக்கவா?"

"அமுக்குங்கண்ணே. இனிமே அது இழுக்கறதுக்கு அங்க என்னுது ஒண்ணும் இல்ல."