பூமாரி சொன்ன பதில்

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மூன்றாவதில் பிறந்தவள் பூமாரி. ஃபாக்டரிச் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டிவிடுவாள். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள். கம்பளி உடம்பில் பட்டால் தீப்பட்டதுபோல் கத்துவாள். அந்தக் குளிரிலும் அவளுக்குப் பருத்திச் சட்டைதான். கடைச் சாமான் கட்டிவந்த காகிதங்களைப் பார்த்தே வாசிக்கப் பழகிக்கொண்டாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லயத்தில் அவளுக்கு வைத்த பேர் கிறுக்கி.

எழுபத்து மூன்றில் அவள் மூன்றாம் வகுப்பு. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பவுல்ராஜ் வாத்தியார், ‘பொய் சொல்லக் கூடாது’ என்று போர்டில் எழுதிப்போட்டார். பூமாரி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியாது.

ஐப்பசியில் கல்வித்துறை மேலதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார். “மத்தியானம் தினமும் உப்புமா கிட்டுதா?” என்று கேட்டார். முதல்நாளே சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள், “கிடைக்குது சார்!” என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, சுவரைப் பார்த்தபடி பூமாரி சொன்னாள்: “இல்ல சார். கடைசியா ஆவணி மூணாந் தேதி குடுத்தாக. மிச்ச ரவைச் சாக்க சார் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாக.”

வாத்தியார் சிரித்தார். “புத்தி சரியில்லாத பிள்ளை சார்.”

“அய்யோ பாவம்” என்றார் அதிகாரி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார். அவ்வளவுதான் அவருடைய விசாரணை.

ஜீப் வளைவு திரும்பியதும் பிரம்பு எடுத்தார் வாத்தியார். இரண்டு உள்ளங்கைகளும் வீங்கின. நாளை முதல் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கைவலியைவிட, தான் எங்கே தப்புச் செய்தோம் என்பதுதான் பூமாரிக்கு விளங்கவில்லை. கேள்வி கேட்டார்கள். தெரிந்த பதிலைச் சொன்னாள்.

“பேய்க்கோளாறு” என்றது லயம். அப்பா சங்கையா அந்தப் பேச்சில் விழுந்து, உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டில் இருந்த, பேயோட்டும் கோடாங்கி ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போனார். உடுக்கைச் சத்தம் அவள் தலைக்குள்ளேயே அடித்தது. புகையில் கண் எரிந்தது.

“யாரு நீ? பேரச் சொல்லு!”

“பூமாரி.”

முதுகில் பிரம்பு விழுந்தது.

“உண்மையான பேரச் சொல்லு!”

“பூமாரி.”

மறுபடி விழுந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை, கூடவே வந்திருந்த அம்மா சின்னத்தாயி எட்டிப் பிடித்தாள். பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாள்.

“பள்ளிக்கூடத்துல உள்ளதச் சொன்னா அடி. இங்க சொந்தப் பேரச் சொன்னா அடி. எம் பிள்ள என்னதான்யா சொல்லணும்? சொல்லும்!”

சங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை சின்னத்தாயி கொழுந்து கிள்ளப் போகவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றாள்.

“இவள வச்சிருந்தா மத்த பிள்ளைகளும் கெட்டுப்போகும்” என்றார் வாத்தியார்.

“எதப் பாத்துக் கெட்டுப்போகும்? சாக்கு போன இடத்தச் சொன்னதப் பாத்தா?”

கதவு சாத்தப்பட்டது.

ஆனால் அந்த வாரத்திலிருந்து உப்புமா தவறாமல் வந்தது. வாத்தியாருக்கு உள்ளுக்குள் பயம். எல்லாப் பிள்ளைகளும் தட்டு நிறையத் தின்றார்கள். வாங்கிக்கொடுத்தவளுக்கு மட்டும் தட்டு இல்லை. அதைப் பற்றி எந்தப் பெற்றவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூமாரி அதற்குமேல் படிக்கவில்லை. பதினைந்து வயதில் தேயிலை நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போனாள். தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை, பிடித்திருந்தது. அந்த வருஷம் பவுல்ராஜ் வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவுக்கு மாலை கட்டப் பூக் கேட்டு லயத்துக்காரர்கள் வந்தார்கள்.

“அந்தக் கழுத்துக்கு எங்க வீட்டுப் பூ கிடையாது” என்று கதவை அடைத்தாள் சின்னத்தாயி.

உள்ளே பூமாரி ஒரு பழைய தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “அன்னைக்கு நான் சொன்னது தப்பாம்மா?”

ஆறு வருஷமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறது என்று அப்போதுதான் சின்னத்தாயிக்கு உறைத்தது.

“இல்லட்டி” என்றாள். “தப்பு பூராவும் அவுகளுது.”