பாலத்தில் அடி

எனக்கு அப்போது ஏழு வயது. தமிழ் எம்.ஏ. தேர்வுக்குப் படித்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார் சித்தப்பா. படித்த சொல்லை அன்றைக்கே புழங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனத்தில் தங்காது என்பது அவர் கட்சி. அந்த வாரம் நெற்றியின் முறை. நுதல் என்றால் நெற்றி. ஒன்றைச் சொல்லக் கருதுவதும் நுதலுவதுதான் என்பார். குளம் என்றாலும் நெற்றியாம். பாலம் என்றாலும் நெற்றியாம். அது வடமொழியிலிருந்து வந்ததாம். அம்மா எனக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் இதைக் கேட்டாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை வாசல் கேட்டில் ஏறி ஆடி, குப்புற விழுந்தேன். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “தம்பி, அவருக்கு ஒரு சீட்டு எழுதிச் செருகிட்டு வாங்க!” என்று ஓடியபடியே கத்தினாள்.

அப்பாவுக்கு மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லில் வேலை. சாப்பிட வந்தவர் பூட்டில் செருகியிருந்த சீட்டைப் பார்த்தார். ‘குழந்தைக்குப் பாலத்தில் பலத்த அடி. விரைகிறோம்.’

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டித்தான் அவர் வந்திருந்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் காவிரிப் பாலம். சைக்கிளைத் திருப்பிவிட்டார். பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, “சின்னப் பொண்ணுங்க, அடிபட்டுச்சாம், பாத்தீங்களா?” என்று எதிரில் வந்தவர்களையெல்லாம் கேட்டிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சீட்டை நீட்டினார்.

“பாலம்னா நெத்திண்ணே. நிகண்டுல இருக்கு,” என்றார் சித்தப்பா.

“நுதல்னாவது எழுதித் தொலைச்சிருக்கலாம்ல தம்பி? புரியாம வீட்டுலயே உக்காந்திருப்பாரு,” என்றாள் அம்மா.

அப்பா திட்டவில்லை. “நெத்தின்னு எழுதுனா என்னடா?” என்று மட்டும் கேட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, கட்டுக்குக் கீழே விரலால் மெல்லத் தொட்டார்.

நான் கையைத் தட்டிவிட்டேன். அவருடைய வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. கால்களில் ஆற்று மணல். எனக்கு மூன்று தையல் போடும்போது இவர் மட்டும் காவிரியில் இறங்கிக் குளித்துவிட்டு வந்திருக்கிறாரே என்று ஆத்திரம். அன்று முழுக்க நான் அவரோடு பேசவே இல்லை.