ஓட்டுநரின் கன்னத்தில் தடம் இல்லை

இன்று காலை காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தேன். என் முன்னால் ஓட்டுநரின் தலை இருமுறை சரிந்தது. "அண்ணே!" என்று நடத்துநர் கத்தியதும் நிமிர்ந்தார்.

எண்பதுகளில் நிருபராக இந்தச் சாலையின் விபத்துச் செய்திகளில் 'ஓட்டுநரின் அலட்சியம்' என்றே எழுதினேன். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் எனக்கே வந்த பிறகுதான் அந்தச் சரிவு புரிந்தது.

இறங்கியதும் ஓட்டுநரிடம், ராத்திரி சரியாகத் தூங்குகிறாரா என்று கேட்டேன். நான் நிருபர் என்பது அவருக்குத் தெரியும்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதாம் சார். ராத்திரி மூஞ்சில மாஸ்க் மாட்டிக்கினு தூங்க மெஷின் குடுத்தாங்க. மாட்டுனா மூச்சு முட்டுது, கழட்டிட்டேன். எழுதிடாதீங்க, வேலை போயிடும்."

என் கன்னத்தில் மாஸ்க் பட்டை பதிந்த தடத்தைக் காட்டினேன். "எனக்கும் முட்டிச்சு. பகல்ல கொஞ்ச நேரம் மாட்டிக்கினு பழகு, ராத்திரி மாட்டிக்கினே தூங்குப்பா. நாளைக்கு உன் கன்னத்தப் பாப்பேன்."

பஸ் எண்ணை இங்கே எழுதவில்லை. நாளையும் அந்தக் கன்னத்தில் தடம் இல்லையென்றால் எழுதுவேன்.

நீங்களாக இருந்தால் நாளை வரை பொறுப்பீர்களா?