கச்சானில் போன டியூப்

ஆடி மாதம் உப்புவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும். கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து வீசுவதால் கரையோரம் அலை எழும்பாது. அந்த அமைதியை நம்பித்தான், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, வெக்கை தாங்காமல் நானும் மனைவியும் அவளுடைய தம்பியும் குளிக்கப் போனோம்.

தம்பிக்கு நீச்சல் தெரியாது. லொறி டியூப் ஒன்றுக்குக் காற்றடித்துக் கொண்டுவந்து, அதில் ஏறி இருந்து கால்களைத் தொங்கவிட்டான்.

“அக்கா, இது கடலோ குளமோ? சவுக்காரம் இருந்தாத் தாங்கோ!”

மனைவி சிரித்தாள். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பியபோது டியூப் நூறடிக்கு அப்பால் போயிருந்தது. அவன் இரண்டு கையாலும் கரையை நோக்கித் தண்ணீரை வலித்தான். டியூப் மற்றப் பக்கம் போனது.

இறங்கி நீந்தினேன். முதலில் இடைவெளி குறைந்தது. அவன் கழுத்துச் சங்கிலிகூடத் தெரிந்தது. பிறகு குறையவில்லை. திரும்பிப் பார்த்தேன். கரையில் மனைவி ஒரு விரல் உயரம் நின்றாள். எட்டிப் பிடித்தாலும் அவனை இழுத்துக்கொண்டு இந்தக் காற்றுக்கு எதிரே திரும்ப ஏலாது.

“டியூபை விடாதை! வள்ளம் கொண்டு வாறன்!”

“அத்தான், விட்டிட்டுப் போகாதேங்கோ!”

நான் முதுகைக் காட்டி நீந்தினேன். போனதைவிட வர இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அவன் குரல் பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கை ஓயும்.

“அவன் எங்கை? ஏன் தனிய வந்தனீங்கள்?” என்றாள் மனைவி.  கரையோர மீன்வாடிக் குடிசைக்கு ஓடினேன். அங்கே கிண்ணியாக்காரர் ஒருவர், முஸ்லிம் மீனவர், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்குமுன்பே எழும்பிவிட்டார்.

“நீந்தத் தெரியுமா அவருக்கு?”

“தெரியாது.”

“அப்ப நல்லம். குதிக்க மாட்டாரு. நீந்தத் தெரிஞ்சவங்களத்தான் நாங்க மையத்தாத் தூக்குற, உசுரோட இல்ல.”

வள்ளத்தை இறக்கி ஏறினோம்; கயிற்றின் மூன்றாம் இழுவையில் எஞ்சின் பிடித்தது. வெளியே போகப் போக அலை உயர்ந்தது. முதலில் கண்டது டியூபை மட்டும்தான். கிட்டப் போனபோதுதான் அவன் தண்ணீருக்குள் தொங்குவது தெரிந்தது. ஒரு கை மட்டும் டியூபில் இருந்தது.

தூக்கி வள்ளத்தில் போட்டோம். வால்வு கிழித்து மணிக்கட்டிலிருந்து இரத்தம் ஓடியது.

“நீங்கள் திரும்பினவுடனே பின்னாலை வருவம் எண்டு இறங்கினனான், அத்தான்,” என்றான். “பிறகு ஏற ஏலாமப் போச்சு.”

கிண்ணியாக்காரர் என்னைப் பார்க்காமல் எஞ்சினைத் திருப்பினார்.

கரையில் மனைவி அவனைத் துவாயால் போர்த்திக்கொண்டு, “அங்கை என்னடா நடந்தது?” என்று கேட்டாள்.

“ஒண்டுமில்லை அக்கா. அத்தான் வள்ளம் எடுக்கப் போனவர். நான் டியூபிலை பேசாம இருந்தனான்.”

இதை நான் எழுதும் வரை அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.