இடது பக்கச் சுவர்

காது மட்டும்தான் அவருடையது. மூக்கு, நெற்றி, கோபம் வந்தால் புருவத்தைச் சுருக்குகிற அழகு எல்லாம் எங்கள் பக்கம். யாரும் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் புதிதாகப் பேத்தி பிறந்திருக்கிற ஆளிடம் வேறு என்ன பேச்சை எதிர்பார்க்க முடியும்? காது மடல் மேலே கொஞ்சம் மடங்கி, தலையோடு ஒட்டினாற்போல் இருக்கும். அச்சு அசல் சம்பந்தியின் காது. குழந்தையைப் பார்க்க வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இப்போது அந்த வீட்டில் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் மகளின் மாமனார் அவர். கடைவீதியில் அவரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பார். கடையை இப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். இவர் காலையில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். மீதிப் பொழுதெல்லாம் பாட்டு அறையில்தான்.

அந்த அறை வீட்டின் பின்பக்கம். கனமான கதவு. தரை முழுக்கக் கம்பளம். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு மேசை மேல் ரெக்கார்டு பிளேயர், பக்கத்தில் பழைய மாதிரி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டால் வால்வுகள் ஒவ்வொன்றாய்ச் சிவக்கும். எதிரே ஒரு நாற்காலி. அதன் கால்கள் நகராமல் இருக்க, தரையில் நான்கு பித்தளைக் கிண்ணிகள் அடித்திருந்தார். ஸ்பீக்கரிலிருந்து நாற்காலிக்கு நூல் பிடித்து அளந்து வைத்த இடம். நான் தையல்காரன். தோளுக்குத் தோள் நான் அளக்கிறதைவிட அவர் கவனமாய் அளந்திருந்தார்.

சம்பந்தம் பேசப் போன அன்றே என்னை அதில் உட்கார வைத்தார்.

"கண்ண மூடுங்க. பாடறவங்க எங்க நிக்கறாங்க?"

"நடுவுல நிக்கறாங்க."

"வயலின்?"

"இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி."

"அவ்வளவுதான் சம்பந்தி. இதுக்குத்தான் இவ்வளவும்."

கண்ணைத் திறந்தால் நடுவில் யாரும் இல்லை, வெறும் சுவர். அவருக்கு என் முகத்தைப் பார்த்து அத்தனை சந்தோஷம். பெண்ணைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு அந்த அறை பிடிக்காது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அங்க எனக்கு உக்கார எடம் கெடையாது. ஒரே நாற்காலி. நின்னுக்கிட்டுக் கேக்கறேன்னா, நின்னா சரியா வராதுங்கறார். சரிதான், என் பாட்டு அடுப்படியில கரண்டிச் சத்தம்னு விட்டுட்டேன்" என்பார். உண்மையில் இவரும் நின்றுகொண்டு கேட்க மாட்டார். அந்த நாற்காலியில், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் அவருக்குப் பாட்டு.

என் மகள் முழுகாமல் இருந்தபோது அது ஆரம்பித்தது. ஒரு நாள் காலை அறையிலிருந்து வெளியே வந்து, "இடது பக்கம் போர்வை போத்தின மாதிரி இருக்கு" என்றார்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு முறை உண்டாம். ஒரு பக்கம் மங்கலாய்க் கேட்டால், வயரை இடதுக்கு வலது மாற்றிப் போட வேண்டும். மங்கல் வலது பக்கம் போனால் மெஷினில் கோளாறு. இடதிலேயே நின்றால் மெஷின்மேல் குற்றமில்லை. மாற்றிப் போட்டார். மங்கல் இடதிலேயே நின்றது. பிறகு ஸ்பீக்கரையே மாற்றி வைத்தார். மாப்பிள்ளை ஒரு முனை, நான் ஒரு முனை தூக்கினோம். அப்போதும் இடதுதான்.

"அப்ப ஸ்பீக்கர் நல்லாருக்கு, ஆம்ப்ளிஃபயர் நல்லாருக்கு" என்று விரலை மடக்கினார். "மிச்சம் சுவர்தான்."

மிச்சம் இன்னொன்று இருக்கிறது என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பேப்பர்காரன் இப்பல்லாம் எழுத்தைச் சின்னதாய்ப் போடுகிறான் என்று சண்டைக்கு வருகிறவர்களை, ஒரு கண்ணை அட்டையால் மூடி உட்கார வைக்கிற வேலை அவருடையது. அவருக்கும் தோன்றவில்லை.

மெஷின் விற்றவரைக் கூப்பிட்டார். அவர் வந்து கேட்டுவிட்டு, "லேசா மங்கல்தான் சார்" என்று சொல்லிப் புது வயர் ஒன்றைக் காட்டினார். மாப்பிள்ளைக்கு அப்பா மங்கல் என்றால் மங்கல். என்னைக் கேட்டார். எனக்கு அங்கே எல்லாமே பெரிய சத்தம்தான். "வித்தியாசம் தெரியலீங்க சம்பந்தி" என்றேன். "பழகணும்" என்றார்.

இடது சுவரில் அடுத்த அறையைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைத்தார். மங்கல் போகவில்லை. பஞ்சு வைத்த பலகைகளைச் சுவர் முழுக்கப் பொருத்தினார். சாம்பல் நிறத் துணியில் அத்தனை பலகைக்கும் உறை தைத்தது நான்தான். தலையணை உறை மாதிரி, ஆனால் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. அதற்கும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவார், திறப்பார், எழுந்து வருவார். முன்பெல்லாம் பாட்டு கேட்டுவிட்டு வந்தால் குளித்துவிட்டு வந்த ஆள் மாதிரி இருப்பார். அது நின்றுபோனது.

அப்புறம் பேத்தி பிறந்தாள். அந்த நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சம்பந்தியின் கதை நின்றுவிடும். அதனால் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். ஊசி குத்திக் காய்த்துப்போன என் விரலை அவள் பிடித்த பிடி இன்னும் விரலிலேயே இருக்கிறது.

அவளுடைய தொட்டில் கிடந்தது, பாட்டு அறைக்கு அடுத்த அறையில். அதாவது அந்த இடது சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் சம்பந்தி விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சுவர் மெலிசு, சத்தத்தைக் குடிக்கிறது என்றார். குழந்தையின் அறைக்குள் இரண்டடி தள்ளி இன்னொரு சுவர் எழுப்பி, இடையில் மணல் கொட்டப் போவதாகச் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மகளைத் தனியாய்க் கூப்பிட்டு, "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? பிள்ளை இருக்கற ரூம்ல மணலும் சிமென்ட்டுமா?" என்றேன்.

"ரெண்டடிதானேப்பா."

"இன்னைக்கு ரெண்டடி. நாளைக்குத் தொட்டிலைத் தெருவுல போடச் சொன்னா?"

"மாமா முகத்தப் பாத்தீங்களா? ஒண்ணுமே இல்லப்பா அதுல. கோவம்கூட இல்ல. இடது பக்கம் திரும்பக் கேட்டுட்டா சரியாயிடுவார். ரெண்டடிக்கு அது வருதுன்னா வரட்டும்."

கொத்தனார் வந்து குழந்தையின் அறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். சுவரையும் நாலு இடத்தில் தட்டினார். தட்டின சத்தத்தில் பேத்தி எழுந்துகொண்டாள். என் மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் சம்பந்திதான். தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டு, கொத்தனாரைப் பாட்டு அறைக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பிள்ளைக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை, எனக்குப் பயம்.

கோளாறு என்னவென்று கொத்தனாருக்குக் காட்ட ஒரு ரெக்கார்டைப் போட்டார். பிள்ளைக்காகச் சத்தத்தை நன்றாகக் குறைத்திருந்தார். கொத்தனார், தன் துண்டை நாற்காலியில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"நல்லாத்தானே சார் இருக்கு."

"இடது பக்கத்தக் கவனிங்க" என்று சொல்லியபடி இவர் நாற்காலிக்குப் பின்னால் பிள்ளையை ஆட்டிக்கொண்டு நடந்தார். பேத்தி ஒரு கொட்டாவி விட்டுத் தலையை அப்படியே சாய்த்தாள். அவள் கன்னம் அவருடைய வலது காதை மூடிக்கொண்டது.

அவர் நின்றார்.

"யாரு நிறுத்தினது?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். யாரும் நிறுத்தவில்லை. ரெக்கார்டில் அந்த அம்மாள் பாடிக்கொண்டேதான் இருந்தாள்.

"பாடிக்கிட்டுத்தான் இருக்கு சம்பந்தி" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். ரெக்கார்டு சுற்றுகிறதா என்று பார்த்தார். இடது ஸ்பீக்கருக்குப் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். ஜுரம் பார்க்கிற மாதிரி சற்று நேரம் வைத்திருந்தார். அப்புறம் பிள்ளையின் தலையை மெதுவாய்க் காதிலிருந்து எடுத்தார். திரும்பச் சாய்த்தார். எடுத்தார். சாய்த்தார். பிள்ளை தூங்கியே போய்விட்டாள்.

அவளை என்னிடம் கொடுத்தார். "சுவர் வேணாம்ப்பா. போயிட்டு வாங்க" என்று கொத்தனாரிடம் சொன்னார். சுவிட்சை அணைத்தார். வால்வுகள் சிவப்பு அடங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

காது டாக்டரிடம் மாப்பிள்ளையும் நானும் கூட்டிப் போனோம். அங்கே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி. சம்பந்தி முதலில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றார். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தார். இடது காதுக்குப் பட்டன்மேல் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் நரம்பு என்றார். "எப்ப ஆரம்பிச்சுது?"

"ஜன்னல அடைக்கறதுக்கு முன்னாடி" என்றார் சம்பந்தி.

டாக்டருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை விளக்கிச் சொன்னார். "அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப தாண்டிப் போச்சு" என்றார் டாக்டர். காது மெஷினும் அந்தப் பக்கத்துக்குப் பலன் தராதாம். "ஒரு காது நல்லாருக்கு, கவலைப்படாதீங்க. பேச்சு, பாட்டு எல்லாம் கேக்கும். என்ன, சத்தம் எங்கேருந்து வருதுன்னு புடிபடாது. ரோட்டுல மட்டும் ஜாக்கிரதை. ஹாரன் எந்தப் பக்கம்னு தெரியாது."

"சரிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா அழுதார். இவர் டீ கேட்டார். குடித்தார். மறுநாள் கடைக்குப் போனார். சாப்பாட்டில் குறை இல்லை, தூக்கத்தில் குறை இல்லை. பாட்டு அறைக் கதவு திறந்தே கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார், வேறு யாருடைய வீட்டு வாசலையோ தாண்டுகிற மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பக்கமாய்க் கேட்க ஆம்ப்ளிஃபயரில் ஒரு பட்டன் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். "பாத்துக்கலாம்" என்றார். பார்க்கவில்லை.

எனக்கு அவர் கத்தினால் தேவலை என்றிருந்தது. நான் உட்பட யார்மேலாவது எரிந்து விழுந்திருக்கலாம். ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரே பக்கம் வெகுநேரம் விரிந்திருக்கும். பேத்தியின் புதுச் சிரிப்பைக் காட்டினால் பார்ப்பார். "ம், சிரிக்கறா" என்பார். மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

ஒரு நாள் சம்பந்தியம்மா பொறுக்க முடியாமல் சொன்னார். "முப்பது வருஷமா நான் சொல்றத ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டார் சம்பந்தி. இனிமே அதுக்கு வழியில்ல. சொன்னதெல்லாம் உள்ளயேதான் கெடக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அந்தம்மாவும் சிரித்து, சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய்ச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தி பேப்பரைத் திருப்பினார்.

"கேட்டுச்சா?" என்றார் சம்பந்தியம்மா.

"கேட்டுச்சு."

"அப்ப ஏதாவது சொல்றது."

"நல்லாத்தான் சொன்ன" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை நான் போனபோது என் மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி பிள்ளை தூங்க விடவில்லையாம். சம்பந்தியம்மா பிள்ளையை எங்கேயோ படுக்க வைத்துவிட்டு மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தார். ஹாலில் அவரும் நானும்தான். நான் ஒரு குட்டிச் சட்டைக்குக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை அழுதாள். முதலில் சிணுங்கல், பிறகு முழுக் குரல். அழுகையில் எங்கள் பக்கத்துப் பலம் அது.

சம்பந்தி பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். வாசல் பக்கம் திரும்பினார். அங்கேயும் நின்றார். தலையைச் சாய்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிள்ளை இருந்தது பாட்டு அறையில், கம்பளத்தின்மேல். கதவு அவருக்கு நேர் பின்னால் திறந்திருந்தது.

ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு நான் எழுந்தேன். அவர் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார்.

"நீங்க இருங்க சம்பந்தி, நான் தூக்கறேன். எந்தப் பக்கம் அழறான்னு மட்டும் சொல்லுங்க."