மருந்து வருவதற்கு முந்தின நாள்

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து கோணிக்கொண்டு போகும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சானமாவு பக்கம் எங்கள் நிலத்தில் பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வைத்தாள். முதல் நடவு இலையெல்லாம் தேமல் விழுந்து, காய் கோணிப் போயிற்று. வைரஸ் நோய் என்றார்கள். "இந்தத் தடவையும் போச்சுன்னா மறுபடி கம்பெனி பஸ்தான் அத்த" என்று சொல்லித்தான் அடுத்த நாற்றை நட்டாள்.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள். நான்கு வரிசையில் மட்டும் ஒரு புது மருந்தைத் தெளித்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஆர்.என்.ஏ. மருந்தாம். பூச்சியைக் கொல்லாது, வைரஸ் செடிக்குள் பெருகாமல் தடுக்குமாம்.

"நோய் உள்ள போறதுக்கு முன்னாடியே தெளிக்கணும். போனப்புறம் தெளிச்சா பிரயோஜனம் இல்ல. அதுவரைக்கும் செடியத் தொடாதீங்க. தொட்டா பால் பவுடர் கரைச்ச தண்ணியில கை கழுவுங்க, பால் பட்டா வைரஸ் ஒட்டாது. புகையிலை போடுறவங்க உள்ளயே வரக்கூடாது, புகையிலையிலயும் இந்த வைரஸ் இருக்கும், அந்தக் கையில இருந்தும் ஒட்டிக்கும்" என்றாள்.

"எங்க அத்த வெத்தலகூட போடாது. பால்ல கை கழுவச் சொன்னா மகாராணி ஆயிடும்" என்று மருமகள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பல்வலிக்கென்று கடைவாயில் புகையிலை அடக்குவேன். இடுப்பில் சுருட்டி வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. சொல்ல வெட்கம்.

மருந்து வருவதற்கு முந்தின நாள் மருமகள் உரம் வாங்கப் போயிருந்தாள். அந்த நான்கு வரிசையிலும் பக்கக் கிளை மண்டிக் கிடந்தது. படித்த பெண் வந்து பார்க்கும்போது துப்புரவாக இருக்கட்டும் என்று விரலாலேயே கிள்ளிவிட்டேன். வாயில் புகையிலை. கை கழுவ ஞாபகமே இல்லை.

மறுநாள் ஐஸ் பெட்டியில் மருந்து வந்தது, தெளித்தார்கள். கொஞ்ச நாளில் அந்த நான்கு வரிசையில்தான் முதலில் தேமல் விழுந்தது. அங்கிருந்து எங்கள் கை போன இடமெல்லாம் பரவிற்று.

"தெளிக்கிறதுக்கு முன்னாடி யாராவது உள்ள போனீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"யாரும் போகல மேடம்" என்றாள் மருமகள், எனக்கும் சேர்த்து. நான் இடுப்பில் இருந்த புகையிலையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"அப்ப மருந்துதான் வேலை செய்யல" என்று எழுதிக்கொண்டு போனாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

செடிகளை நானும் மருமகளும்தான் பிடுங்கினோம். "கண்ணு பட்டிருச்சு அத்த. பூசணிக்கா கட்டியிருக்கணும்" என்றாள். இப்போது விடிகாலையிலேயே கம்பெனி பஸ் ஏறுகிறாள்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறேன். புகையிலைக் கையால் நோய் ஒட்டுமா, ஒரு நாள் முந்தி ஒட்டியிருந்தால் அந்த மருந்துக்குக் கேட்காதா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நான் நினைப்பதுபோல் என் கைதான் காரணம் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.